எழுதிய தேதி, வந்த தேதி

‘வலசை’ என்ற விண்கலம் பூமியை விட்டுக் கிளம்பி ஆறாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தபோது, அதில் இருந்த நாற்பது பேருக்கும் வீட்டிலிருந்து கடிதம் வருவது நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

பேசாததற்குக் காரணம் இருந்தது. நெப்டியூனுக்கு அப்பால் ஒரு தொலைநோக்கியை நிறுவிவிட்டுத் திரும்ப வேண்டிய பயணம் அது. கிளம்பும் முன்பே மனநலப் பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்: மூன்றாம் ஆண்டுக்கு மேல் கடிதங்கள் குறையும், அது இயற்கை, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று. சொன்னபடியே குறைந்தது. பிறகு நின்றது. தன் வீட்டார் தன்னை மறந்துவிட்டார்கள் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்? அவரவர் துக்கத்தை அவரவர் விழுங்கிக்கொண்டு, பருப்பில் உப்பு குறைவு என்று பேசிக்கொண்டார்கள்.

கலத்தின் தகவல் தொடர்பைக் கவனித்துக்கொண்டவள் கமலினி. பொள்ளாச்சிப் பக்கம். அவளுக்குக் கடிதம் எதிர்பார்க்கவே ஆள் இல்லை. அம்மா மட்டும்தான் இருந்தாள், அவளும் கலம் கிளம்புவதற்கு முந்தைய ஆண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் கடிதங்கள் நின்றதை அவள் கவனிக்கவே இல்லை என்பதில் வியப்பில்லை. பூமியிலிருந்து வரும் அலை வரிசையில் முதலிடம் கலத்தின் தரவுகளுக்கு. அவை போக மிஞ்சும் சிறு இடைவெளிகளில்தான் சொந்தக் கடிதங்கள் ஊர்ந்து வரும். படம் கிடையாது, குரல் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் நகர்ந்து படிக்க வேண்டும். கலம் தொலைவுக்குப் போகப் போக இடைவெளிகள் சுருங்கின, வரிசை நீண்டது. தொடக்கத்தில் இரண்டு நாளில் வந்த கடிதம் இப்போது வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. ஆனால் எதுவும் தொலையவில்லை. எல்லாம் வந்து சேர்ந்தது என்று கணினி தினமும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை உணவு முடிந்ததும் நேவிஸ் அவள் அறைக்கு வந்தாள். தூத்துக்குடிக்காரி. கலத்தின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு முழுவதும் அவள் பொறுப்பு. நாற்பத்தெட்டு வயது, கனத்த குரல்.

“ஏ பிள்ள, ஒரு ஒத்தாச செய்யுதியா?”

“சொல்லுங்க்கா.”

“இன்னைக்கு எங்க ஊர்ல மாதா கோயில் கொடியேத்தம். மொத வருசம் என் தங்கச்சி கிளாடிஸ் அதப் பத்தி நீளமா எழுதியிருந்தா. புறாவ எல்லாம் பறக்க விட்டாவ, சங்கு ஊதுச்சுன்னு. அத வாசிக்கணும்போல இருக்கு. ஆனா எங்க போச்சுன்னே தெரியல. நம்ம தண்ணி ரிப்போர்ட்டா வந்து மேல மேல உக்காந்துக்கிடுது.”

“பழசு எல்லாம் கீழ மடிஞ்சு இருக்குங்க்கா. தேடி எடுக்கணும்.”

“எடுத்து அப்பிடியே உச்சியில நிக்கிற மாதிரி செஞ்சிரு. வேற எது வந்தாலும் அது எறங்கக் கூடாது.”

“தங்கச்சி புதுசா ஒண்ணும் எழுதலீங்களா?” கமலினி பேச்சுக்குத்தான் கேட்டாள்.

நேவிஸ் சுவரைப் பார்த்தாள். “அவ எழுதி மூணு வருசமாச்சு. நானும் எழுதி எழுதிப் பாத்தேன். போன வருசத்தோட விட்டுட்டேன். அவளுக்கும் ஒரு வாழ்க்க இருக்கும்லா.”

கமலினி நேவிஸின் கடிதப் பெட்டிக்கான அமைப்புகளைத் திறந்தாள். ஒரு கடிதம், அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று தொடர்ந்து வருவதை அந்த நிரல் ஓர் இழையாகக் கோத்து வைக்கும். மடிப்பைப் பிரிக்க ஒற்றை விசை போதும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டவர்களின் பழைய கடிதங்களைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனம் வந்திருக்கவில்லை. கமலினி விசையைத் தட்டினாள். கிளாடிஸ் என்ற பெயருக்குக் கீழே வரிகள் விரிந்தன. விரிந்துகொண்டே போயின. திரை நிறைந்து, அடுத்த திரைக்கும் ஓடின.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “இதுல கடைசி மெயில் போன வாரம் வந்திருக்குங்க.”

“என்னது?”

“போன வாரம். அதுக்கு முந்தி ஒண்ணு. அதுக்கும் முந்தி... எல்லாம் இருக்குதுங்க்கா. எதையும் நீங்க திறக்கவே இல்ல.”

நேவிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கமலினி அமைப்புக் கோப்பை இன்னொரு பக்கம் திறந்து படித்தாள். மூன்றே வரிகள். படித்து முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனாள்.

“என்ன பிள்ள? சொல்லு.”

“நம்ம திரை எல்லாக் கடிதத்தையும் எழுதுன தேதிப்படி அடுக்குதுங்க்கா. வந்த தேதிப்படி இல்ல. உங்க தங்கச்சி இத எழுதி பதினோரு மாசம் ஆச்சு. இங்க வந்து எறங்கறப்பவே அது பழைய கடிதம். அரை வருசத்துக்கு மேல பழசானா மடிச்சு வெச்சிருன்னு ரெண்டாவது வரி. அதனால வந்த கையோட மடிஞ்சு கீழ போயிருது.”

“புதுசு வந்திருக்குன்னு ஒரு அடையாளமாவது காட்டாதா?”

“மடிச்சத எண்ணிக்கையில சேக்காதேன்னு மூணாவது வரி.”

“எந்த மூதேவி எழுதுன வரி அது?”

“நானுங்க்கா.”

நேவிஸ் அவளைப் பார்த்தாள். திட்டவில்லை.

“கிளம்புன புதுசுல எழுதுனது. அப்ப ரெண்டு நாள்ல மெயில் வந்துரும். பழசெல்லாம் திரைய அடைக்குதுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சேன். நல்லாத்தான் இருந்துச்சுங்க. அப்புறம் வந்து சேர்ற நாள் கூடிக்கிட்டே போச்சு. அரை வருசத்தத் தாண்டுன அன்னைக்கு...”

“அப்ப நான் எழுதுனது? அது அவளுக்குப் போச்சா?”

“போயிருக்கும். இங்கிருந்து அங்க போகவும் அத்தன மாசம் ஆகுதுங்க. ஆனா இதே நிரலத்தான் வீட்டுக்காரங்களுக்கும் கொடுத்திருக்குது. அங்கயும் இதே மூணு வரிதானுங்க.”

நேவிஸ் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க ஆரம்பித்தாள். உதடுகள் அசைந்தன. ஓர் இடத்துக்கு வந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கல்யாணம் பண்ணிக்கிடட்டுமான்னு கேட்டிருக்கா, கமலி. நாப்பத்தி நாலு வயசுல! ஐஸ் கம்பெனி வச்சிருக்க ஆளாம். ‘அப்பா அம்மா இல்ல, நீதான் சொல்லணும், நீ சரின்னு எழுதுனாத்தான் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுவேன்’னு எழுதியிருக்கா.” விசையைத் தட்டினாள். இன்னும் தட்டினாள். “ஒரு வருசம் காத்துக்கிட்டு இருந்திருக்கா. அந்த மனுசனும் காத்துக்கிட்டு இருந்திருக்கான். ‘உனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னாவது சொல்லுக்கா’ன்னு...” அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும். “கடைசில பண்ணிக்கிட்டா. நல்லவேள பண்ணிக்கிட்டா.”

கமலினி முதல் வரியை மாற்றினாள். எழுதிய தேதி என்றிருந்த இடத்தில் வந்த தேதி. மடிப்பு வரியை நீக்கினாள். ஒரு நிமிட வேலைகூட இல்லை. கிளாடிஸின் இழை சட்டென்று மேலேறித் திரையின் உச்சியில் வந்து நின்றது.

“உங்களுக்கு மாத்திட்டேங்க்கா. இனிமே எது வந்தாலும் மேலதான் நிக்கும்.”

“சரி. மத்தவங்களுக்கு?”

கமலினி விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். நேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். கலத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தொலைநோக்கியின் ஆடிகளைப் பார்த்துக்கொள்ளும் இளங்கீரனும் கமலினியும் போன வருடத்திலிருந்து ஒரே அறையில் இருந்தார்கள். இளங்கீரனுக்கு மன்னார்குடியில் மனைவி உண்டு. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான். அப்படித்தான் அவன் நம்பினான்.

“ஒரு ரெண்டு நாள் போகட்டுங்க்கா,” என்றாள் கமலினி.

“எனக்கு மட்டும் எலையப் போட்டு, மத்தவங்களப் பட்டினி கிடக்கச் சொல்லுதியா?”

“அப்படி இல்லீங்க.”

“உன் சங்கடம் எனக்குத் தெரியாம இல்ல பிள்ள. நான் யாருட்டயும் மூச்சு விட மாட்டேன். நீயா சொன்னா சொல்லு.” நேவிஸ் எழுந்தாள். கதவருகே நின்றாள். “ஆனா ஒண்ணு. நான் இனி அந்தச் சாப்பாட்டு மேசையில உக்காந்து எப்பிடிச் சோறு திங்க? அத மட்டும் சொல்லிரு.”

அவள் போன பிறகு கமலினி திரைக்குத் திரும்பினாள். யாருடைய பெட்டியையும் திறக்காமலே, மடிப்புக்குள் எத்தனை கடிதம் கிடக்கிறது என்பதை மட்டும் அவளால் பார்க்க முடியும். பார்த்தாள். நாற்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண். இளங்கீரனின் பெயருக்கு நேரே இருந்ததுதான் மிகப் பெரியது.

மதியத்துக்கு முன் அவள் கலத்தின் தலைவியிடம் போனாள். மெஹருன்னிசா, கடற்படையில் இருந்து வந்தவர், எதையும் முழுதாகக் கேட்காமல் வாய் திறக்காதவர். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மூணு வருஷக் கடிதம். ஒரே நாள்ல. அதுல சாவு இருக்கும், இல்லையா?”

“இருக்கும் மேடம்.”

“பிரிவு இருக்கும். கடன் இருக்கும். திட்டு இருக்கும். இப்ப எல்லாரும் ஒரு மாதிரி மனச ஆத்திக்கிட்டு வேலை பார்க்கிறாங்க. கலம் அமைதியா இருக்கு. நீங்க சொல்றதக் கேட்டா எனக்கே, திறக்கணுமான்னு ஒரு நிமிஷம் தோணுது.”

“எனக்கும் தோணுச்சு மேடம். காலைலேர்ந்து அதுதான் தோணிக்கிட்டு இருக்குது.”

தலைவி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் தெரியும்.

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“நம்ம நிம்மதி பொய்ங்க மேடம். அத நான் எழுதுன மூணு வரி செஞ்சுக் கொடுத்திருக்குது. தெரியாத வரைக்கும் சரி. தெரிஞ்ச பிறகு அந்த வரிய அப்படியே விட்டா, நான் இன்னொரு தடவ எழுதுன மாதிரி ஆயிரும்.”

மெஹருன்னிசா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “என் மகனுக்கு இப்ப பத்தொன்பது வயசு,” என்றார், சம்பந்தமில்லாததுபோல. “எத்தனை மணிக்குத் திறக்கலாம்?”

“ஒருத்தர்கிட்ட மட்டும் முன்னாடி சொல்லணும் மேடம்.”

“போய்ச் சொல்லிட்டு வாங்க.”

இளங்கீரன் ஆடிக்கூடத்தில் இருந்தான். முகக்கவசத்தோடு ஓர் ஆடியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். கமலினி நின்றுகொண்டே சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. அவன் துடைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் துணி ஒரே இடத்திலேயே சுற்றியது.

“தாமரை எழுதியிருக்காளா?”

“என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியாது. நான் பாக்கல. நிறைய எழுதியிருக்காங்க.”

“நிறையன்னா?”

“மத்த எல்லாரையும் விட.”

அவன் துணியை மடித்து வைத்தான். “நான் அவளுக்கு எழுதறத நிறுத்தி ரொம்ப நாளாவுது, கமலி. கடைசியா ஒரு மாதிரி எழுதிட்டேன். நீ மறந்துட்ட, நானும் மறந்துடறேன்னு.”

“அது அவங்களுக்கு இன்னும் கண்ணுல பட்டிருக்காது. அங்கயும் மடிஞ்சுதான் கிடக்கும்.”

“இப்ப திறந்தா?”

“பூமிக்கும் அவசர வழியில தகவல் போகுது. அங்கயும் மாத்துவாங்க. அப்ப படிப்பாங்க.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “நீ சொல்லாம இருந்திருக்கலாமே.”

“இருந்திருக்கலாங்க.”



அன்று பிற்பகல் தலைவி எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்தார். கமலினி எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். நான்தான் எழுதினேன் என்றும் சொன்னாள். சமையற்காரர் பொன்னுரங்கம், “அப்ப என் பொண்ணு...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர், “உங்களுக்கும் வரலியா? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்” என்றார். மேசைக்கு மேசை அதே பேச்சு பரவியது. உனக்கும் இல்லையா, உனக்கும் இல்லையா என்று. மூன்று வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் முதன்முறையாக ஒருவரையொருவர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். சிலர் சிரித்தே விட்டார்கள்.

கமலினி அவர்கள் முன்னாலேயே வரியை மாற்றினாள்.

அதன்பின் இரண்டு மூன்று நாட்கள் கலத்தில் அத்தியாவசிய வேலைகள் தவிர ஒன்றும் நடக்கவில்லை. பொன்னுரங்கத்தின் மகள் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் குழம்பைக் கிளறிக்கொண்டே அதை எல்லோரிடமும் சொன்னார். இயந்திரப் பகுதியில் இருந்த ஒருவருக்கு அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் அன்றுதான் தலைக்குக் குளித்தார். நேவிஸ் தன் கணக்கிலிருந்த தண்ணீரில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கினாள். யாரும் அவரைத் தனியே விடவில்லை. இரண்டு பேர் கமலினியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களை அவள் குறை சொல்லவில்லை. மெஹருன்னிசா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு நாள் வெளியே வரவில்லை. வந்தபோது, ஆளுக்கொரு சிறு கடிதத்தை அவசர வழியில் வீட்டுக்கு அனுப்பிக்கொள்ளலாம், சில மணி நேரத்தில் போய்ச் சேரும் என்று அறிவித்தார். பூமியில் எல்லாக் குடும்பங்களின் திரைகளிலும் அந்த வரிகள் மாற்றப்பட்டுவிட்டதாகவும் தகவல் வந்திருந்தது.

நேவிஸின் கடிதம்தான் முதலில் போனது. “சரி. சரி. நூறு தடவ சரி. மாப்பிள்ளைய நல்லாப் பாத்துக்கோ” என்று எழுதியிருந்தாள். எல்லோரும் அனுப்பினார்கள். இளங்கீரன் மட்டும் அனுப்பவில்லை.

கமலினி தன் துணிகளை எடுத்துக்கொண்டு காலியாகக் கிடந்த ஓர் அறைக்கு மாறியிருந்தாள். அவன் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவன் படித்துக்கொண்டே இருந்தான். சாப்பாட்டுக் கூடத்தில் எதிரெதிரே பார்க்கும்போது தலையசைத்தான். ஒருமுறை மட்டும், “எழுத உக்கார்றேன். முதல் வரியே வரமாட்டேங்குது” என்றான்.

எல்லோருடைய பெட்டியையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத் தலைவிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது பெயர்களை முடித்துவிட்டுக் கடைசியாகத் தன் பெயரைத் தொட்டாள். அதற்கு நேரே இருந்த எண் சிறியதுதான் என்றாலும் பூஜ்யம் இல்லை. நேவிஸ் வந்துபோன அன்று பட்டியலைப் பார்த்தபோது அவள் கண் அங்கே போயிருக்கவே இல்லை.

மூன்று கடிதங்கள். கலத்தின் கடிதப் பொறுப்பாளருக்கு என்று முகவரியிட்டவை. மூன்றும் ஒரே ஆளிடமிருந்து. முதலாவதைத் திறந்தாள்.

“கடிதப் பொறுப்பாளர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பெயர் தெரியவில்லை, மன்னிக்கவும். என் பெயர் தாமரைச்செல்வி. உங்களோடு வரும் இளங்கீரனின் மனைவி. பல மாதங்களாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. முதலில் கோபப்பட்டேன், அழுதேன். போன மாதம் திருச்சியில் எல்லாக் குடும்பத்தாரும் ஒரு சத்திரத்தில் கூடினோம். பேச்சுவாக்கில் கேட்டால், ஒரு வீட்டுக்கும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இது மனிதர்கள் செய்தது இல்லை, இயந்திரத்தில் ஏதோ கோளாறு. அலுவலகத்தில் கேட்டால், எல்லாம் போகிறது, எல்லாம் வருகிறது என்று கணக்கைக் காட்டுகிறார்கள். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

“இன்னொன்று. என் கடிதங்களும் அவருக்குப் போகவில்லை என்றால், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார். யாரிடமும் கேட்கமாட்டார். உள்ளேயே வைத்துக்கொண்டு ஒடுங்கிப்போவார். அவர் சுபாவம் அது. நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களுக்கு நேரம் இருந்தால் அவ்வப்போது கூப்பிட்டு ஏதாவது பேச்சுக் கொடுங்கள். அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.”

அடுத்த இரண்டும் சிறியவை. மறுபடியும் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும் என்று தொடங்கின.

கமலினி முதல் கடிதம் வந்து சேர்ந்த தேதியைப் பார்த்தாள். அந்த நாளில் அவளும் இளங்கீரனும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

பதில் எழுத விசைப்பலகையை இழுத்தாள். வணக்கம் என்று அடித்தாள். உங்கள் கடிதங்கள் இன்றுதான் கிடைத்தன என்று அடித்தாள். கோளாறு என்னுடையது என்று அடித்தாள். அதுவரை சுலபமாக இருந்தது. அவரைத் தனியாக விடவில்லை என்ற அடுத்த வரியை அடித்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் அதை அப்படி அனுப்ப முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்தாள்.

எழுந்து ஆடிக்கூடத்துக்குப் போய் அவனைக் கூப்பிட்டாள். ஏன் என்று கேட்காமல் வந்தான். நாற்காலியை அவனுக்கு விட்டுவிட்டு, மூன்று கடிதங்களையும் திரையில் திறந்து வைத்தாள். அவன் படித்தான். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கமலினி காத்திருந்தாள். அவன் கைகளை எடுத்தபோது சொன்னாள்:

“இதுக்கு நான் தனியா பதில் எழுதுனாலும் பொய்யாயிரும். நீங்க தனியா எழுதுனாலும் பொய்யாயிரும்.”

அவன் திரையைப் பார்த்தபடியே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவன் அவசர வழியைத் தேர்ந்தெடுத்து, பெறுநர் இடத்தில் மனைவியின் பெயரை அடித்தான். பிறகு, இத்தனை நாளும் வராத முதல் வரி வந்தது.

“தாமரை, நீ என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவருக்கு எழுதினாயே, அவர் இப்போது என் பக்கத்தில்தான் இருக்கிறார். பெயர் கமலினி.”